சுருளாத ஸ்டிக்கர் ஷீட்: டோனர் பிரிண்டருக்கு வினைல் தேடியது

ஒருவழியாக, அச்சான பிறகும் தட்டையாகவே வெளியே வரும் ஒட்டும் ஷீட் அமைந்துவிட்டது. வெள்ளை மேட் பாலியெஸ்டர், மேல் ஃபிலிம் 50 மைக்ரான், அக்ரிலிக் பசை, களிமண் பூச்சுள்ள கிராஃப்ட் காகித லைனர் (ஒட்டும் முன் உரித்துப் போடும் அடித்தாள்). ஏ4 பக்கம் முழுக்க அடர்கறுப்பு நிரப்பி அச்சிட்டு மேசையில் போட்டால் நான்கு மூலையும் மேசையைத் தொடுகின்றன. நகத்தால் அழுத்திக் கீறினாலும் டோனர், அதாவது லேசர் பிரிண்டரின் மைப்பொடி, உதிரவில்லை. தனித்தனியாக இந்த இரண்டு குணமும் எளிதில் கிடைக்கும். ஒரே ஷீட்டில் சேர்ந்து கிடைப்பதுதான் அபூர்வம், அதனால் இந்த மகிழ்ச்சி பெரிது.

மேல் ஃபிலிமைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உலர் டோனரை உருக்கிப் பதிக்கும் ஃபியூசர் பெரும்பாலும் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை போகும். வினைல் என்று நாம் சொல்லும் பிவிசி பிளாஸ்டிக் 80 டிகிரி பக்கத்திலேயே இளகத் தொடங்கிவிடும். 'லேசர் வினைல்' என்று விற்பவற்றில் பல பாலியெஸ்டராக இருப்பதற்குக் காரணம் இதுதான். பாலியெஸ்டரும் அந்தச் சூட்டில் கொஞ்சம் இளகும். ஆனால் அதை இரண்டு திசையிலும் இழுத்துச் சூட்டிலேயே நிலைப்படுத்தித் தயாரிப்பதால் அளவு பெரிதாக மாறாது. உருகுவதோ 250 டிகிரிக்கு மேல்தான். கையில் இருப்பது எது என்று தெரியவில்லையா? ஒரு துண்டை உரித்து இழுத்துப் பாருங்கள். பிவிசி என்றால் ரப்பர் மாதிரி நீளும், பாலியெஸ்டர் சரசரக்குமே தவிர நீளாது. பசையைத் துடைத்த துண்டு தண்ணீரில் மிதந்தால் அது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். அதன் உருகுநிலை 160 டிகிரி பக்கம்தான் என்பதால் ஃபியூசருக்கு அது ஆபத்து. இங்க்ஜெட் பூச்சுள்ள வினைலை எக்காரணம் கொண்டும் லேசருக்குள் விடக் கூடாது, அந்தப் பூச்சு உருளையில் அப்பிக்கொள்ளும்.

சரி, இனி சுருளலுக்கு வருகிறேன். என் நேரத்தில் பெரும்பகுதியைத் தின்றது இதுதான். இதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் ஷீட் தேர்வில் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒட்டும் ஷீட் என்பது மூன்று அடுக்கு: மேலே ஃபிலிம், நடுவில் பசை, கீழே லைனர். சூட்டில் எந்த அடுக்கு சுருங்குகிறதோ அந்தப் பக்கமாகத்தான் ஷீட் வளையும். அச்சுப் பக்கம் உட்புறமாக வளைந்தால் சுருங்கியது மேல் ஃபிலிம். உருளைகளில் அழுத்தித் தயாரிக்கும், விலை குறைந்த 'காலண்டர்' வினைலில் இது உறுதி. உருளைகளுக்கு நடுவே இழுத்துத் தயாரித்தபோது ஃபிலிமில் தங்கிய இழுவிசை, சூடு பட்டதும் விடுபடுகிறது. இந்த வளைவு நாள் கணக்கில் வைத்திருந்தாலும் நேராகாது. அந்த ஷீட்டை ஒதுக்கிவிடலாம். லைனர் உட்புறமாக வளைந்தால் விஷயம் வேறு. காகித லைனரில் இருந்த ஈரம் ஃபியூசரில் ஆவியாகி, காகிதம் சுருங்கியிருக்கிறது. அறையில் அப்படியே விட்டுவைத்தால் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டு தானே தட்டையாகிவிடும். இதற்காக நல்ல ஷீட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு. பிரிண்டருக்குள் காகிதம் போகும் பாதை வளைவாக இருந்தால், சூடான பாலியெஸ்டர் அந்த வளைவை அப்படியே வாங்கிக்கொள்ளும். பார்ப்பதற்கு லைனர் சுருங்கியது போலவே இருக்கலாம். இரண்டையும் பிரிக்க நான் செய்வது இது: ஏ4 ஷீட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை நீளவாக்கிலும் மற்றதை அகலவாக்கிலும் விடுவேன். காகிதத்துக்கு இழை ஓடும் திசை ஒன்று உண்டு. ஈரம் கூடினாலும் குறைந்தாலும் அது இழைக்குக் குறுக்கேதான் அதிகம் மாறும். எனவே குற்றம் லைனருடையது என்றால், ஷீட்டைத் திருப்பி விடும்போது வளைவின் அச்சும் ஷீட்டோடு சேர்ந்து திரும்பும். எப்படி விட்டாலும் வளைவு பிரிண்டர் உருளைக்கு இணையாகவே வந்தால், குற்றம் பாதையுடையது. பின்கதவைத் திறந்து நேர்பாதையில் விட்டால் அது சரியாகிவிடும். நன்றாக இல்லை என்று நான் முடிவுகட்டி வைத்திருந்த ஒரு பாலியெஸ்டர் ஷீட் இந்தச் சோதனையில்தான் தப்பியது. இன்றைக்கு நான் பயன்படுத்துவது அதைத்தான்.

லைனரைப் பற்றி இன்னும் ஒன்று. சில ஷீட்களில் காகிதத்தின் மேல் பாலிஎத்திலீன் பூசியிருப்பார்கள். பெரிய வடிவ ரோல் அச்சுக்கு அது அருமையான லைனர், ஈரத்தில் அசையாது. ஆனால் எல்டிபிஇ என்ற அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன் 105 முதல் 115 டிகிரிக்குள் உருகிவிடும். ஃபியூசரைத் தாண்டி வரும்போது பின்பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். பின்பக்கம் வழவழவென்று பிளாஸ்டிக் பளபளப்போடு இருந்தால் நான் அதைத் தொடுவதே இல்லை. உரிக்க வசதியாக லைனரில் கீறல் போட்ட ஷீட்களும் எனக்கு ஒத்துவரவில்லை. வளைவில் போகும்போது கீறல் வாய் திறந்து, பசை எட்டிப் பார்க்கிறது. பசை ஃபியூசரிலோ, படத்தை ஷீட்டுக்குக் கடத்தும் டிரம் உருளையிலோ பட்டுவிட்டால் அப்புறம் அச்சிடும் ஒவ்வொரு பக்கமும் அதைச் சொல்லும்.

புதிய மாதிரி எது வந்தாலும் பிரிண்டருக்கு முன் இஸ்திரிப்பெட்டிக்குத்தான் போகிறது. உள்ளங்கை அளவு துண்டை இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, மூன்று புள்ளிச் சூட்டில், நீராவி இல்லாமல், ஒரு நொடி அழுத்தி எடுப்பேன். அந்தச் சூடு 200 டிகிரியை ஒட்டியது. ஃபியூசரின் பிடியில் ஷீட் இருப்பது நொடியில் சிறு பங்குதான், ஆகவே இது பிரிண்டரைவிடக் கடுமையான சோதனை. ஓரத்தில் பசை கசிந்தால் தாள் ஒட்டிக்கொள்ளும், மேல் ஃபிலிம் சுருங்கினால் லைனரின் விளிம்பு வெளியே தெரியும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், பிவிசி அதிகமாகச் சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், சுவாசிக்கக் கூடாதது.

டோனர் பிடிப்பு அடுத்த தலைவலி. நல்ல ஷீட்டில் டோனர் பற்றுவதற்கென்று மேல்பூச்சு இருக்கும். பூச்சு இருந்தும் பிரிண்டரின் 'லேபிள்' அமைப்பில் அச்சிட்டபோது, பெரிய நிறப்பரப்புகள் செலோடேப்போடு பெயர்ந்து வந்தன. 'தடித்த தாள்' அமைப்புக்கு மாற்றியதும் நின்றது. அந்த அமைப்பில் உருளை மெதுவாகச் சுற்றுவதால், ஷீட்டுக்குள் சூடு இறங்க நேரம் கிடைக்கிறது. அமைப்பை மாற்றிப் பார்க்காமல் ஷீட்டைக் குறை சொல்வது நியாயமில்லை. பக்கத்தின் கீழே அதே படம் மங்கலாகத் திரும்ப வருகிறதா? இரண்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை என்றால் சுற்றளவு சுமார் 94 மில்லிமீட்டர். அந்தத் தூரம் ஃபியூசர் உருளையோடு பொருந்தினால் டோனர் அங்கே ஒட்டித் திரும்ப இறங்குகிறது. சூடு குறைந்தாலும் இது நடக்கும், கூடினாலும் நடக்கும். அமைப்பை ஒரு படி தடிமனுக்கு மாற்றும்போது நிழல் குறைந்தால் சூடு போதவில்லை என்று பொருள்.

மாதிரி கேட்டு வாங்கும்போது விற்பவரிடம் நான் கேட்பது: மேல் ஃபிலிம் என்ன, லைனர் என்ன, தாங்கும் வெப்பநிலை எவ்வளவு, உலர் டோனரா திரவ டோனரா. கடைசிக் கேள்வி முக்கியம். ஹெச்பி இண்டிகோ போன்ற திரவ டோனர் இயந்திரங்களுக்கென ப்ரைமர் (டோனர் பற்றுவதற்கான அடிப்பூச்சு) பூசிய ஷீட் நம் மேசை லேசரிலும் நன்றாக வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஒரு விற்பனையாளர் "எல்லா பிரிண்டரிலும் போகும்" என்ற ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். ஃபியூசர் போனால் செலவு யாருடையது? டேட்டா ஷீட் தராதவரிடம் இனி வாங்குவதில்லை. பிரித்த பாக்கெட்டைத் திரும்ப ஒட்டி மூடித் தட்டையாக வைப்பதும், புதுப் பாக்கெட்டைப் பிரிக்காமல் பிரிண்டர் இருக்கும் அறையில் ஒரு நாள் விட்டுவைப்பதும் லைனருக்கு நல்லது. ஃபிலிம் ஷீட்கள் நிலைமின்னூட்டத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. விசிறிவிட்டு, ஒவ்வொன்றாகக் கைட்ரேயில் வைக்கிறேன்.

வெட்டும் கட்டம் இன்னும் பாதியில் நிற்கிறது. 200 மில்லிமீட்டர் கோடு ஒன்றை அச்சிட்டு அளந்ததில் பாலியெஸ்டரில் மாற்றம் கண்ணுக்குத் தெரியவில்லை. பழைய பிவிசி ஷீட்டில் கோடு நன்றாகவே குறைந்திருந்தது, ஸ்டிக்கரை வெட்டும் இயந்திரமான பிளாட்டரின் வெட்டு விளிம்பை விட்டு விலகியதற்கு அதுவே காரணம். மேட் பரப்பு என்பதால் பிளாட்டரின் சென்சாரும், வெட்ட வேண்டிய இடத்தைக் காட்ட அச்சிட்ட குறியீடுகளை முதல் முயற்சியிலேயே பிடித்துவிடுகிறது. பாலியெஸ்டர் பிவிசியைவிட விறைப்பு, பிளேடு அழுத்தத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது. கூட்டினால் லைனரும் சேர்ந்து வெட்டுப்படுகிறது. சரியான புள்ளியை இன்னும் பிடிக்கவில்லை.

அதற்குள் மனம் ஒளிபுகும் ஷீட்டுக்குத் தாவிவிட்டது. டோனர் நிறங்கள் அதில் கண்ணாடித்தாள் போலத் தெரியும், பின்னால் வெள்ளை வேண்டும். வெள்ளை டோனர் போடும் ஓகேஐ இயந்திரங்கள் இருக்கின்றன, ஆனால் இப்போதைக்கு அது கனவு. ஒளிபுகும் ஷீட்டில் அச்சிட்டு, அதை வெள்ளை ஷீட்டின் மேல் ஒட்டிப் பார்க்கப் போகிறேன். அதோடு குளிர் லேமினேஷனும் (சூடில்லாமல் அச்சின் மேல் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுவது) பாக்கி. டோனரில் கலந்திருக்கும் மெழுகின் மேல் லேமினேட் பசை எவ்வளவு பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்று வகை ஃபிலிமை அடர்கறுப்பின் மேல் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரு நாள் கழித்து ஓரத்தை உரித்துப் பார்த்துவிட்டு, பிளேடு அழுத்தத்துக்குத் திரும்புவேன்.