டிரம்முக்கு ஒரு துணி

2017இல் டெங்கு தமிழ்நாட்டையே உலுக்கியபோது நான் சேலத்தில் நகர்ப்புற சுகாதார செவிலியராக இருந்தேன். என் பகுதி கொண்டலாம்பட்டி பக்கம், விடிந்தால் தறிச் சத்தம் தொடங்கிவிடும் ஒரு தெரு. கொசு ஒழிப்புப் பணியாளர்கள் இருவரோடு டார்ச்சும் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்துமாக வீடு வீடாகப் போவேன்.

எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பதில்தான். "புழுவெல்லாம் இல்லீங்க சிஸ்டர், நேத்துதான் கழுவினோம்." பின்கட்டில் போய்ப் பார்த்தால் டிரம்மில் நெளிந்துகொண்டிருக்கும். கொட்டச் சொல்வோம், இல்லையென்றால் நாங்களே கவிழ்ப்போம். அடுத்த வாரம் அதே டிரம்மில் அதே புழு.

அப்படி ஒரு வீட்டில் கவிழ்த்தபோது அந்த அக்கா ஒன்றும் பேசவில்லை. வாசலில் ஓடிய தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "இந்தத் தண்ணி வந்து ஆறு நாளாச்சுங்க. அடுத்த தண்ணி எப்ப வரும்னு உங்களால சொல்ல முடியுமா?"

முடியாது. மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் அந்தத் தெருவுக்கு முறை வைத்துத்தான் வந்தது. அடுத்த முறை வரை குடிக்க, சமைக்க, நூலுக்குக் கஞ்சி போட எல்லாவற்றுக்கும் அந்த டிரம்தான். நான் கொட்டியது ஒரு வாரத்துத் தண்ணீர். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஊறுகாய் பாட்டில் ஒன்றில் டிரம் தண்ணீரைப் புழுக்களோடு மொண்டு, வேட்டித் துணியால் வாயை இறுக்கிக் கட்டி, தெருமுனைப் பெட்டிக்கடையில் வைத்தேன். கடைக்காரரிடம் கேட்டதற்கு, "வச்சுட்டுப் போங்க, நாலு பேரு பாக்கட்டும்" என்றார். நிழல் பட்டதும் புழுக்கள் குபுக்கென்று அடியில் இறங்கும், கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க மேலே வரும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு அதுவே வேடிக்கையாகிவிட்டது. சில நாளில் அவை சுருண்டு கூட்டுப்புழு ஆயின. அடுத்த சில நாளில் துணிக்கு அடியில் வெள்ளை வரி போட்ட கால்களோடு கொசுக்கள் உட்கார்ந்திருந்தன. பார்க்க வேண்டியவர்கள் பார்த்த பிறகு பாட்டிலில் கொதிநீர் ஊற்றிவிட்டோம். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள்தான் என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பாட்டிலைப் பார்த்த பிறகுதான் அது அவர்களுக்கு ஒரு கணக்கானது. "அப்ப தண்ணி வர்ற நாளுக்குள்ளயே கொசு ஆயிடுதே!" என்று முதலில் சொன்னவர், நான் தண்ணீரைக் கொட்டிய அதே அக்காதான்.

விடிகாலையில் தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டும்போது எல்லா வீட்டு ஆட்களும் வெளியே வந்துவிடுவார்கள். பேச வேண்டியதை அங்கேதான் பேசினோம். நான் பேசியது கொஞ்சம்தான். தண்ணீரைக் கொட்ட மாட்டோம், மூடி வைப்போம் என்பது அவர்கள் எடுத்த முடிவு. தறியில் மிஞ்சிய துணியை வாய் அகலத்துக்கு வெட்டி, நூலை முறுக்கிச் சுருக்குக் கயிறு கோத்தார்கள். முதலில் போட்ட துணிகள் நடுவில் தொய்ந்து தண்ணீரில் தோய்ந்தன. ஈரத் துணி கொசுவுக்கு இன்னும் வசதி. ஒரு தாத்தா பழைய சைக்கிள் ரிம்மைக் கொண்டுவந்து டிரம் வாயில் வைத்து, அதன் மேல் துணியை இழுத்துக் கட்டினார். அதற்குப் பிறகு தொய்யவில்லை. எனக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தராத விஷயம் அது.

இன்னொன்றை மட்டும் நான் விடாமல் சொன்னேன். புதுத் தண்ணீர் பிடிக்கும் முன் டிரம்மின் உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில்தான் முட்டையை ஒட்டுகிறது. அது காய்ந்தே பல மாதம் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வெறுமனே கொட்டினால் போகாது. நாங்கள் கவிழ்த்த டிரம்மிலெல்லாம் மறுபடி புழு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். தண்ணீர் வரும் நாளே தேய்க்கும் நாள் என்று தெரு வைத்துக்கொண்டது. தண்ணீர் தேங்கும் ஃபிரிட்ஜ் பின்தட்டு, யாரும் தொடாத ஆட்டுக்கல் குழி இரண்டையும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள்.

காய்ச்சல் வந்த வீடுகளைக் கவனிக்கவும் தெருவே ஆள் வைத்தது. காய்ச்சல் இறங்கியதும் தறியில் உட்கார்ந்துவிடுவது அங்கே வழக்கம். டெங்குவில் அந்த நேரம்தான் ஆபத்து. வயிற்று வலி, விடாத வாந்தி இருந்தால் உடனே பெரியாஸ்பத்திரி என்பதை எதிர்வீட்டுக்காரர்களிடமும் சொல்லி வைத்தோம். நோயாளியைவிட அவர்கள் பயந்ததில் நன்மைதான்.

என் மேலதிகாரி ஒருவருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. எத்தனை டிரம் கவிழ்த்தீர்கள் என்றுதான் ஒவ்வொரு மாலையும் கேட்பார். படிவத்தில் மூடிய டிரம்முக்குக் கட்டம் இல்லை. அந்தக் கட்டம் இருந்திருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

எங்களால் தீர்க்க முடியாமல் கிடந்தது ஒரே ஒரு பூட்டிய வீடு. உரிமையாளர் வெளியூர், மாடியில் மூடியில்லாத தொட்டி. இந்தக் கொசு அதிகம் பறக்காது, பிறந்த இடத்தைச் சுற்றியே கடிக்கும் என்பதால் அந்தத் தெருவுக்கு அந்த ஒரு தொட்டி போதும். நோட்டீஸ் ஒட்டினேன், பதில் இல்லை.

அடுத்த ஆண்டு மழைக்கு முன்பே ஒரு நாள் காலையில் போன் வந்தது. அந்த அக்காதான். "சிஸ்டர், அந்தப் பூட்டுன வீட்டுச் சாவியை வாங்கிட்டோம். தொட்டியைத் தேய்ச்சாச்சு. ரிம்மு பத்தல, இது பெரிய வாய். வந்து ஒரு எட்டு பாருங்க, எப்படிக் கட்டலாம்னு."