மூன்றாவது பாட்டில் கேட்கும் அந்தக் குரல்

தங்கை மகன் அனுப்பிய ஒரு ஆங்கில ராக் ஆல்பத்தின் லிங்க் மூன்று வாரமாக என் ஃபோனில் திறக்கப்படாமலே கிடந்தது. "மாமா, முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே மூச்சுல கேளுங்க, நடுவுல நிறுத்தாதீங்க" என்று கூடவே பேசியும் அனுப்பியிருந்தான். பதினேழு வயசுப் பையன். என்னிடம் எதையும் இப்படிக் கேட்டுக்கொண்டதில்லை. தள்ளிப் போட்டதற்குக் காரணமே அதுதான். கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று அவனிடம் சொல்ல நேர்ந்துவிடுமோ என்று பயம்.

முதல் தடவை கேட்டபோது பயந்தபடியே ஆனது. கிடார் கரகரவென்று, ஸ்பீக்கர் கிழிந்துபோன மாதிரி இரைந்தது. பாடுகிறவர் தன் தொண்டைக்கு எட்டாத உயரத்துக்குப் போய், இறங்காமல் அங்கேயே நின்று கத்தினார். இரண்டாவது பாட்டிலேயே நிறுத்திவிட்டேன்.

அடுத்த தடவை ஒரு ஞாயிறு இரவு. துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். கை வேலையாக இருந்ததால் நிறுத்த முடியவில்லை, அவ்வளவுதான். மூன்றாவது பாட்டு வந்தது. கிடார் சாதாரணமாகத்தான் போகிறது. அதற்குப் பின்னால், எங்கோ தள்ளி, ஒரு பெண் வார்த்தையே இல்லாமல் பாடுகிறாள். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகிறாள். அழுது ஓய்ந்தவர்கள் தனக்குத்தானே முனகுவார்களே, அப்படி. தேய்ப்புப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அன்று ஒரு சட்டைகூடத் தேய்க்கவில்லை.

இசைக்குழுவின் பெயர் நியூட்ரல் மில்க் ஹோட்டல். ஆல்பம் 'இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி சீ'. 1998 பிப்ரவரியில் அமெரிக்காவின் மெர்ஜ் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. அதுவும் பெரிய கம்பெனி இல்லை. ஒரு ராக் குழுவில் வாசித்த இருவர் 1989இல் தாங்களே தொடங்கியது. 11 பாட்டு, சுமார் 40 நிமிடம். எழுதிப் பாடியவர் ஜெஃப் மாங்கம், லூசியானாவில் ரஸ்டன் என்ற சின்ன ஊர்க்காரர். ஒலிப்பதிவு செய்தவர் ராபர்ட் ஷ்னைடர், மாங்கமின் பள்ளிக்கூட நண்பர். 1997 கோடையில் டென்வர் நகரத்தில் வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அந்தக் கரகரப்பு தெரியாமல் நேர்ந்தது இல்லை என்பதைப் பிறகுதான் படித்தேன். அகூஸ்டிக் கிடாரை மைக் வைத்துப் பதிவு செய்யும்போதே, பதிவுக் கருவி தாங்குகிற அளவுக்கு மேல் ஒலியை ஏற்றிவிட்டிருக்கிறார் ஷ்னைடர். அதனால்தான் மரக் கிடார் அப்படிப் பொரிகிறது. இதைத் தெரிந்துகொண்டு கேட்டபோது எனக்கு அது இரைச்சலாகவே தெரியவில்லை. அந்தக் குரலுக்குப் பக்கத்தில் சுத்தமான கிடார் நின்றிருந்தால் பொருந்தியிருக்காது.

(ஷ்னைடரைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். அவர் பிற்பாடு கணிதம் படிக்கப் போனார். 2018இல் எமரி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். ஒரு எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பதுதான் ஆய்வு. நம் ராமானுஜன் உழைத்த அதே துறை! இதைப் படித்த அன்று ஏனென்றே தெரியாமல் நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.)

பாடல்களுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒரு வரியில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆன் ஃபிராங்க் இருக்கிறாள், நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்தபோது நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி. மாங்கம் அவளுடைய நாட்குறிப்பைப் படித்து நாள்கணக்கில் அழுதிருக்கிறார். காலத்தில் பின்னால் போய் அவளைக் காப்பாற்றிவிடுவதுபோலக் கனவுகள் வந்ததாகப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். 1945இல் பெர்கன்-பெல்சன் என்ற நாஜி வதைமுகாமில் இறந்தபோது அவளுக்கு 15 வயது. ஆறாவது பாட்டின் தலைப்பிலேயே அந்த வருடம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டு தலைதெறிக்க ஓடுகிறது. டிரம்ஸும் ஊதுகருவிகளும் சேர்ந்து திருவிழா மாதிரி முழங்குகின்றன. முதலில் எனக்கு இது தப்பாகப் பட்டது. நாலைந்து தடவை கேட்ட பிறகுதான், போனவளைத் துரத்திப் பிடிக்கிற ஓட்டம் அது என்று புரிந்தது. மெதுவாகப் பாடினால் எப்படி எட்ட முடியும்?

எட்டாவது பாட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். எட்டு நிமிடத்துக்கு மேல் நீளும் பாட்டு. பெரும்பகுதி ஒரே குரலும் ஒரே கிடாரும்தான். ஒலி அளவைச் சரிபார்க்கக் கொஞ்சம் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாங்கம் நிறுத்தாமல் முழுப் பாட்டையும் பாடி முடித்துவிட்டார். அதுவே ஆல்பத்திலும் இருக்கிறது. கடைசியில் கவனித்துக் கேட்டால், யாரோ தூரத்திலிருந்து ஆச்சரியம் தாங்காமல் கத்துவது கேட்கும். அது குழுவில் ஊதுகருவி வாசிக்கும் ஸ்காட் ஸ்பில்லேன். அதை வெட்டியெடுக்காமல் விட்டதற்காக அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அந்த நொடியில் எனக்கும் அப்படித்தான் கத்தத் தோன்றியது. எனக்கு முன்னாலேயே ஒருவர் கத்தி வைத்திருக்கிறார்.

11ஆவது பாட்டு முடிந்ததும் கிடாரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்கிறது. எழுந்து நடந்து போகிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. உண்மையிலும் அப்படியே நடந்தது. ஆல்பம் வந்த அந்த வருடக் கச்சேரிகளோடு குழு அமைதியாகிவிட்டது. 2013இல் மறுபடி மேடையேறினார்கள், படம் எடுக்க வேண்டாம் என்று வந்தவர்களைக் கேட்டுக்கொண்டார்கள். இன்னொரு புது ஆல்பம் வரவே இல்லை.

சரி, மூன்றாவது பாட்டுக்கு வருகிறேன். யார் அந்தப் பெண் என்று தங்கை மகனிடம் கேட்டேன். "கண்டுபிடிங்க" என்று மட்டும் பதில் போட்டான்.

அந்த வாரம்தான் அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்திருந்தது. கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்கு ஆகவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் தச்சு வேலை செய்த மனிதர், கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முழங்காலையே தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். ஒரு நிமிடம் அசையாமல் கேட்டார்.

"ரம்பம்டா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "பொம்பளை இல்ல. ரம்பத்தை வளைச்சா வர்ற சத்தம். பல்லுக்கு அரம் போடறப்ப எத்தனை தடவை கேட்டிருக்கேன்."

தேடிப் பார்த்தேன். ரம்பமேதான். வாசித்தவர் ஜூலியன் கோஸ்டர். கைப்பிடியைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, நுனியை ஒரு கையால் வளைத்து, பல் இல்லாத முதுகுப் பக்கத்தில் வயலின் வில்லை இழுக்கிறார்கள். வளைவு கூடக்கூட சுருதி ஏறுகிறது. சின்ன வயதில் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நான் காதைப் பொத்திக்கொண்ட சத்தத்துக்குள் இது இருந்திருக்கிறது.

கண்ணாடியைக் கழற்றலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, அப்பா பரணிலிருந்து சாக்குப்பையை இறக்கித் தரச் சொன்னார். பழைய ரம்பத்தை எடுத்துத் துரு தட்டி, முழங்காலுக்கு நடுவே வைத்து நுனியை வளைத்தார். வில் எங்கே இருக்கிறது எங்களிடம்? கட்டைவிரல் நகத்தால் சுண்டினார். ம்ம்ம் என்று எழுந்து, வளைக்க வளைக்க மேலே போய், அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. அவருக்கு இப்போதெல்லாம் கை நடுங்கும். அந்த நடுக்கமும் இரும்பில் ஏறிச் சத்தத்தில் கேட்டது.

ஃபோனில் பதிவு செய்து தங்கை மகனுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். "தாத்தாகிட்ட குடுங்க மாமா" என்றான்.