ஒரு @, ரெண்டு @

"கான்ஃபிக் ஃபைல ஈஸியா படிக்கணும்ங்கறீங்க, யாருண்ணா படிக்கணும்?" கூட வேலை பாக்கற பொண்ணு சாதாரணமா தான் கேட்டா, எனக்குத் தான் இன்னும் மண்டைல ஓடிட்டே இருக்கு.

எல்லா மெஷினோட லாக்கும், அதாவது என்ன நடந்துச்சுங்கற பதிவும், ஒரே இடத்துல சேரணும். அதுக்கு ஆர்சிஸ்லாக்ங்கற சாஃப்ட்வேர் தான், அதுல பேச்சே இல்ல. அதோட செட்டிங்ஸ் ஃபைல, கான்ஃபிக்க, எப்படி எழுதறதுங்கறது தான் சண்டை. நான் பழைய ஒத்த வரி ஸ்டைல் ஆளு. அவ தர்மபுரில டிப்ளமோ முடிச்சிட்டு நேரா ஓசூருக்கு வந்தவ, யாமல்ல (இடம் விட்டு விட்டு எழுதற ஒரு ஃபார்மட்) எழுதி, ஒரு ஸ்கிரிப்ட் வச்சு ஆர்சிஸ்லாக்குக்குப் புரியற மாதிரி மாத்திக்கலாம்னா, டாக்கர்ங்கற சாஃப்ட்வேர தொட்ட எல்லாருக்கும் யாமல் தெரியுமாம்.

பழைய ஃபைல காட்டி, இதவிட சுருக்கமா எப்படிம்மா எழுத முடியும்னேன். லாக் போக வேண்டிய மெஷினோட ஐபி அட்ரஸ் முன்னாடி @@ இருந்துச்சு. "கை தவறி ரெண்டு தடவ அடிச்சிட்டீங்களா?"ன்னா. சிரிச்சிட்டேன், ஒரு @ன்னா யுடிபி, போய்ச் சேந்துச்சான்னு பாக்காம அனுப்பும், ரெண்டுன்னா டிசிபி, பாத்து அனுப்பும்னு சொன்னேன். சொல்லும்போதே எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா விஷயம் தெரியாத ஒருத்தன் அதுல ஒண்ண அழிச்சா எரர் எதுவும் வராது, அந்தப் பக்கம் யுடிபியும் திறந்திருந்தா லாக் பாட்டுக்கு வந்துட்டே இருக்கும், லைன் திணறுற அன்னைக்கு நடுவுல பாதி காணாம போயிருக்கும், யாருக்கும் தெரியாது.

டாலர் போட்டு ஆரம்பிக்கிற க்யூ செட்டிங், அதாவது அனுப்ப வேண்டிய லாக்க வரிசைல நிறுத்தி வைக்கிறது, இன்னும் மோசம். அதுக்கு அடுத்து வர்ற, லாக்க எங்க அனுப்பணும்னு சொல்ற ஆக்‌ஷனுக்கு மட்டும் தான் அது ஒட்டும், நடுவுல ஒரு வரிய யாராவது சொருகினா க்யூ அதுக்குப் போயிடும். பல வருஷமா இத நான் "தெளிவா இருக்கு"ன்னு தான் சொல்லிட்டு இருந்திருக்கேன்.

அதுக்காக யாமலுக்கும் தலையாட்டல. நைட் ஷிஃப்ட்ல புட்டி வழியா சர்வர்குள்ள போய், விஐ எடிட்டர்ல ஃபைல திறந்து, வரி ஆரம்பத்துல இடம் விட ஒரு டேப் அடிச்சா போதும், ஃபைல் படுத்துக்கும். ஃபைல யார் படிக்கலாம்னு சொல்ற பெர்மிஷன 0640ன்னு மேற்கோள் குறி போடாம எழுதினா, மாத்தற ஸ்கிரிப்ட்ல இருக்கற பைத்தான் அத எட்டடிமான எண்ணா எடுத்து 416ன்னு கொடுக்கும், நாம எழுதின நம்பரே அங்க இருக்காது. அவகிட்ட இத சொன்னேன், ஒத்துக்கிட்டா, ஆனா ஒத்துக்கிட்ட முகம் இல்ல அது. கடைசில முடிவானது ரெய்னர்ஸ்கிரிப்ட், ஆர்சிஸ்லாக்கோட புது ஸ்டைல். டார்கெட், போர்ட், ப்ரோட்டோகால், க்யூ எல்லாம் ஒரே அடைப்புக்குறிக்குள்ள, பேர் போட்டு இருக்கும். நீளம் தான், ஆனா டிசிபின்னா டிசிபின்னே எழுதியிருக்கும். நியாயமான முடிவு தான்னு இப்பவும் சொல்வேன்.

சொல்வேன், ஆனா அது யாருக்கு ஈஸி? எனக்கும் அவளுக்கும். சூளகிரில இருந்து நைட் ஷிஃப்ட் வர்ற அண்ணன், புது மெஷின் ஒண்ண சேர்க்கச் சொன்னதும், அதே ஃபைல் அடில பழைய ஸ்டைல்ல ஒரு வரி போட்டுட்டுப் போயிட்டாரு. ரெண்டையும் கலந்து எழுதினாலும் ஆர்சிஸ்லாக் வாங்கிக்கும், செக் பண்ணா தப்பே காட்டல, லாக்கும் வருது. ரிவ்யூல கேட்டா, "சார், இதான் எனக்கு மனப்பாடம்"ங்கறாரு.

அந்த வரிய மாத்தி எழுதிடலாம்னு அப்பப்ப ஃபைல திறக்கறேன், ஓடிட்டு இருக்கறத எதுக்கு நோண்டணும்னு மூடிடறேன். அவளும் அதப் பாத்திருப்பா, ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல.