இறக்கத்தில்தான் தெரிந்தது

முட்டியில் 'டப்' என்று ஒரு சத்தம். பயிற்சி மெத்தைக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டதாம். ஜூடோவில் தானி ஓட்டோஷி என்று ஒரு வீச்சு உண்டு. எதிராளியின் பின்னால் காலை நீட்டி, தானும் சரிந்து, அவரைப் பின்பக்கமாக விழவைப்பது. எனக்கு ஜோடியாக நின்றவர் பின்னால் போகாமல் பக்கவாட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் கால் ஊன்றி நின்றிருந்தேன். அவர் எடை முழுக்க வலது முட்டியின் வெளிப்பக்கம் விழுந்து, முட்டி உள்நோக்கி மடிந்தது.

குன்னூரில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பில் ஒன்றுமில்லை, சுளுக்குதான் என்று கட்டுப்போட்டு அனுப்பினார்கள். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. மூன்றே வாரத்தில் வீக்கம் வடிந்தது, வலியும் போனது. சரி, ஆறிவிட்டது என்று மறுபடி பயிற்சிக்குப் போய்விட்டேன். அப்படிப் பயிற்சி செய்த அந்த ஒரு மாதம் இன்றும் என்னை உறுத்துகிறது.

சமதளத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. சிம்ஸ் பார்க் படிகளில் இறங்கும்போதுதான் தொடை ஒரு பக்கம், கெண்டைக்கால் ஒரு பக்கம் என்று நழுவியது. வலியே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. கோயம்புத்தூர் போய் எம்.ஆர்.ஐ. எடுத்தேன். ஏ.சி.எல். என்கிற, முட்டிக்குள் இருக்கிற முக்கியமான ஜவ்வு முழுசாக அறுந்திருந்தது. மெனிஸ்கஸும் கிழிந்திருந்தது. அறுந்த ஜவ்வோடு முட்டி நழுவ நழுவ, நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற மெனிஸ்கஸ் நசுங்கிக் கிழியும் என்றார் டாக்டர்.

தொடையின் பின்பக்கத் தசைநாரை எடுத்துப் புது ஜவ்வாக வைத்தார்கள். ஆபரேஷனைவிட அப்புறம் வந்த ஒன்பது மாதம்தான் பாடு. முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்த வேண்டும், பத்து எண்ணும்வரை. அழுத்து அழுத்து என்று நினைக்கிறேன், தொடைத் தசை மரக்கட்டையாகக் கிடக்கிறது. நான்காம் நாள் லேசாகத் துடித்தது. அழுதுவிட்டேன். மலை ஊரில் இருக்கிறவர்கள், தினமும் இறக்கத்தில் நடக்க வேண்டும் என்பதைப் பிசியோவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இறக்கத்துக்குத் தனியாகப் பலம் வேண்டும். நான் மாதக்கணக்கில் ஒரு காலில் படிமேல் நின்று, மறுகாலை மெதுவாகத் தரைக்கு இறக்கிப் பழகினேன்.

இத்தனை செய்தும், இந்த முட்டி சீக்கிரமே தேயும் வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். இரண்டு காலாலும் எதிராளியைக் கத்தரி மாதிரி கவ்வி விழவைக்கிற கானி பசாமி என்ற வீச்சு ஜூடோ போட்டிகளில் தடைசெய்யப்பட்டது. 1980-ல் ஜப்பான் ஜூடோ வீரர் யமஷிதாவின் கால் எலும்பு முறிந்தது அதில்தான். தானி ஓட்டோஷிக்குத் தடை இல்லை. ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு அதைக் கற்றுத்தரவே கூடாது என்பேன்.

இப்போது பிள்ளைகளுக்கு ஜூடோவில் அடிபடாமல் விழக் கற்றுத்தருகிறேன். போன வாரம் ஒரு பையன் முட்டி வீக்கம் வடிந்து திரும்ப வந்தான். வலி இல்லையாம். "ஜவ்வைப் பார்த்துட்டு அனுப்புங்க அக்கா" என்று அவன் அம்மாவிடம் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.