இறக்கத்தில் மிச்சமான பத்து ரூபாய்

போன நவம்பரில் ஒரு சாயங்காலம். எங்கள் நீலகிரி மலையில் தும்மனட்டிப் பக்கம் கேரட் மூட்டை ஏற்றுவதற்காகக் கட்டபெட்டிலிருந்து பிக்கப்பை எடுத்துக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தேன். மணி ஐந்தரைதான். ஆனால் மிஸ்ட் அப்படியே ரோட்டில் படுத்திருந்தது, பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. இந்த ரோட்டில் இந்த நேரத்துக்குக் காட்டெருமை நிற்கும் என்பதால் இரண்டாவது கியரில், ஹாரன் அடித்தபடியே ஒரு வளைவில் ஏறினேன். எதிரிலிருந்து பதில் ஹாரன் இல்லை. லைட் இல்லை. இன்ஜின் சத்தமும் இல்லை. ரோடு காலி என்று நினைத்து மூன்றாவது கியருக்குக் கையைக் கொண்டுபோகிறேன், முன்னால் ஒரு வெள்ளை ஹெல்மெட்.

ஹெல்மெட், அதற்குக் கீழே ஊதா ரெயின்கோட், ஒரு ஸ்கூட்டர். ஈர ரோட்டில் டயர் ஓடுகிற ‘ஸ்ஸ்’ சத்தம் மட்டும்தான். என் சைடு கண்ணாடியை உரசாத குறையாகத் தாண்டி மிஸ்டுக்குள் போய்விட்டது. பிரேக்கில் ஏறி நின்றுவிட்டேன். திட்டுவதற்கு வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டேன். அந்த ஊதா ரெயின்கோட்டை மேட்டுப்பாளையத்தில் பேரம் பேசி வாங்கியது நான்தான்.

சாவியை அணைத்துவிட்டு இறக்கத்தில் வந்துகொண்டிருந்தாள் என் மகள். எதற்காக? பெட்ரோலை மிச்சம் பிடிக்க. அந்தப் பெட்ரோலை அவள் காசில்தான் போடவேண்டும் என்று சட்டம் போட்டது யார்? நான்.

வயசுப் பிள்ளைகளின் வண்டிச் செலவை அப்பா அம்மா ஏற்கவேண்டுமா என்று எங்கள் ஸ்டாண்டில் பேச்சு வந்தால் முன்பெல்லாம் நான்தான் சத்தமாகப் பேசுவேன். “ஓட்டுறவன் கட்டட்டும்” என்பது என் கட்சி. எதிர்க்கட்சியில் ஒருத்தர் இருந்தார். பையனுக்கு வாரம் தவறாமல் டேங்க் நிரப்பிக் கொடுப்பவர். அந்தப் பையன் பெட்ரோலைக் கொட்டித் தீர்ப்பதற்கென்றே ராத்திரி பத்து மணிக்கு கோத்தகிரி போய் டீ குடித்துவிட்டு வருவான். சைலன்சரை வேறு மாற்றிவிட்டான். அவன் வருவது அவனுக்கு முன்னால் ஊருக்கே தெரியும். அதைக் காட்டித்தான் நான் வாதாடுவேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்தப் பையனிடம் லைட்டாவது எரிந்தது, சத்தமாவது கேட்டது.

வண்டிப் பேச்சு எங்கள் வீட்டில் ஆரம்பித்தது அவள் பிளஸ் ஒன் படிக்கும்போது. “கூடப் படிக்கிற பசங்க எல்லாம் ஓட்டுறாங்கப்பா.” ஓட்டுகிறார்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து பதினெட்டு முடியாத பிள்ளை வண்டி ஓட்டி மாட்டினால் பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ 3 வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் ஆர்.சி. 12 மாதத்துக்கு ரத்து. அதோடு அந்தப் பிள்ளைக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டுத்தான் அவள் அடங்கினாள். நான் ஜெயிலுக்குப் போவதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட்டமாதிரி தெரியவில்லை. பதினாறு வயசில் 50 சிசி-க்கு மேல் போகாத, கியர் இல்லாத வண்டி ஓட்டலாம் என்று சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. அந்தக் காலத்து டிவிஎஸ் 50-க்குப் போட்ட சட்டம். அப்படியே ஒன்று கிடைத்தாலும் தொட்டபெட்டா ஏற்றத்தில் பாதி வழி நாம்தான் தள்ளவேண்டும்.

பதினெட்டு முடிந்தது. ஊட்டியில் காலேஜ். எல்எல்ஆர் போட்டு, முப்பது நாள் கழித்து எட்டு போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கினாள். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் எடுக்கிறேன் என்றவளைக் கியர் வண்டிக்கும் சேர்த்து எடுக்கவைத்தேன். பழைய ஸ்கூட்டர் ஒன்று 38,000-க்கு வந்தது. அதற்கு நான்தான் பணம் கொடுத்தேன். ஆனால் ஆர்.சி.யை அவள் பேருக்கு மாற்றினோம். இதில் ஒரு விஷயம் இருக்கிறது, பல அப்பாக்கள் கவனிப்பதில்லை. இன்சூரன்ஸில் 15 லட்சத்துக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒன்று போடுவார்கள் இல்லையா, அது வண்டியின் சொந்தக்காரர் ஓட்டும்போது அவருக்குத்தான். வண்டி என் பேரில் இருந்து, ஓட்டுவது அவளாக இருந்தால், விழுவது அவள், காப்பீடு எனக்கு. என்ன பிரயோஜனம்? மூன்றாம் நபர் இன்சூரன்ஸுக்கு 714 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டியும். அதையும் நானே கட்டினேன்.

ஆக வண்டி, லைசென்ஸ், இன்சூரன்ஸ், ஹெல்மெட், ரெயின்கோட் எல்லாம் அப்பா. பெட்ரோல் மட்டும் நீ. இதுதான் ஒப்பந்தம்.

கணக்கு இது. வீட்டிலிருந்து காலேஜுக்குப் போகவர நாற்பது கிலோமீட்டர். மலையில் அந்த வண்டி லிட்டருக்கு 38 கொடுத்தால் அதிர்ஷ்டம். மாதம் 22 நாள் போனால் இருபத்து மூன்று லிட்டர், பெட்ரோல் நூறைத் தாண்டி நிற்கிற காலத்தில் 2,400 ரூபாய் பக்கம் வரும். அவள் கையில் வருவது புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்ததால் 2022-ல் வந்த அந்தத் திட்டத்தில் மாதாமாதம் பேங்கில் ஏறுகிறது. அதற்கு மேல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு டியூஷன் எடுத்து 600. மொத்தம் 1,600. பதினைந்து நாள் வண்டியில் போகலாம், மீதி நாள் பஸ். பஸ்ஸுக்கு என்ன குறை? 2024-லிருந்து மலையிலும் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. காசே இல்லாமல் போய் வரலாமே என்று நான் கேட்டேன். லேப் முடிந்து வந்தால் நிற்கக்கூட இடமில்லாத பஸ்தான் கிடைக்கிறது என்றாள். சீசனில் கேட்கவே வேண்டாம். டூரிஸ்ட் வண்டிக்கு இ-பாஸ் வந்தபிறகும் மே மாதம் சேரிங் கிராஸைத் தாண்டுவதற்குள் விடிந்துவிடும்.

என் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதில் நான் சேர்க்காதது ரோட்டை.

ஊட்டியிலிருந்து வீட்டுக்கு வரும்போது தொட்டபெட்டா பிரிவு வரைக்கும்தான் ஏற்றம். அதைத் தாண்டினால் பெரும்பாலும் இறக்கம். சாவியை அணைத்தால்கூட வண்டி உருண்டு வந்துவிடும். அவள் கண்டுபிடித்தது அதைத்தான்.

அன்றைக்கு ராத்திரி லோடை மண்டியில் இறக்கிவிட்டு நான் வீட்டுக்கு வரும்போது மணி இரண்டு. தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். என் வண்டியை அவளும் பார்த்திருக்கிறாள்.

“எத்தனை நாளா?”

“ரெண்டு மாசமாப்பா.”

“லைட் எரியாதுன்னு தெரியாதா?”

“பகல்லதான் அணைப்பேன். இன்னைக்கு மிஸ்ட் திடீர்னு இறங்கிடுச்சு. இதோ அடுத்த வளைவுல போட்டுக்கலாம், இதோ அடுத்ததுலன்னு...”

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்குக் கோபம் போய்விட்டது, வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் அது என் பதில். இருபத்தி நாலு வயசில் நான் சொன்னது.

அப்போது நான் இன்னொருத்தரின் டெம்போ ஓட்டினேன். மேட்டுப்பாளையம் ட்ரிப்புக்கு இவ்வளவு டீசல் என்று ஓனர் கணக்காகப் பணம் கொடுத்துவிடுவார். குறைவாகப் போட்டு ஓட்டினால் மிச்சம் டிரைவருக்கு. நல்ல ஏற்பாடு மாதிரித்தான் தெரியும். நாங்கள் எல்லோரும் கோத்தகிரி தாண்டியதும் நியூட்ரலில் தட்டி விட்டுவிடுவோம். இன்ஜின் பிடிக்காத வண்டி பிரேக்கை மட்டும் நம்பி இறங்கும். பிரேக் லைனர் சூடேறும். முதலில் ஒரு மாதிரி ரப்பர் தீய்ந்த வாசம் வரும், அப்புறம் பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போகும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி கேட்காது. எனக்கு அது ஒரே ஒரு தடவை நடந்தது. சரிவுப் பக்கம் போகாமல் மலைப்பக்கம் ஒடித்து மண்ணில் ஏற்றி நிறுத்தினேன். ஓனர் கேட்டார், “ஏன்டா கியர்ல வரல?” “அடுத்த வளைவுல போட்டுக்கலாம்னு இருந்தேன்ணே.”

அன்றைக்கு ஓனர் மேல் எனக்கு வந்த எரிச்சல் இன்னும் ஞாபகம் இருக்கிறது. மிச்சம் உனக்கு என்று சொன்னவர் அவர்தானே? அதே வேலையை இருபத்தைந்து வருஷம் கழித்து என் பிள்ளைக்கு நானே செய்திருக்கிறேன், பொறுப்பு கற்றுக்கொடுக்கிறேன் என்று பேர் வைத்து.

இத்தனைக்கும் அதில் லாபம் எவ்வளவு? இப்போது என்னிடம் இருக்கிற பிக்கப்பில் கியரில் போட்டுக் காலை எடுத்துவிட்டு இறங்கினால் இன்ஜினுக்கு டீசல் போவதையே வண்டி நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் ஐடிலில் ஓட டீசல் குடிக்கும். அவள் ஸ்கூட்டர் பழைய கார்புரேட்டர் வண்டி, அதனால் சாவியை அணைத்தால் கொஞ்சம் மிச்சமாகும். என் கணக்கில் ஒரு இறக்கத்துக்குப் பத்து ரூபாய் தேறினால் அதிகம். மாதம் முழுக்க அப்படி வந்தால் இரண்டு நாள் கூடுதலாக வண்டியில் போகலாம், அவ்வளவுதான். அதற்காக லைட், ஹாரன், பிரேக் லைட், இன்ஜின் கொடுக்கிற பிடி அத்தனையையும் விற்றிருக்கிறாள். ஸ்கூட்டரில் கியர் இல்லாவிட்டாலும், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் ஆக்சிலேட்டரை விட்டதும் வண்டியைக் கொஞ்சம் பிடித்து இழுக்கும். அணைத்துவிட்டால் வேகம் பிடித்த தள்ளுவண்டிதான். மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடவேண்டும் என்று நானே சொல்லிக்கொடுத்திருந்தேன். வழிவிட முதலில் நிற்க முடியவேண்டுமே.

பேசினதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி கடைசியில் ஒன்று சொன்னாள். “உங்ககிட்ட கேட்டா ‘பஸ்ல போ’ன்னு சொல்லுவீங்கன்னுதான் கேக்கல. கேக்க வெக்கப்பட்ட பிள்ளை என்னதான் பண்ணும்?” எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. அவள் கேட்கவில்லை என்றால் தேவைப்படவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன். கேட்காத பிள்ளையைக் கெட்டிக்காரி என்று ஸ்டாண்டில் பெருமை வேறு பேசியிருக்கிறேன்.

மறுநாள் பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். பிரேக் ஷூ காகிதமாகத் தேய்ந்திருந்தது. டிரம் உள்ளே நீலம் பாய்ந்து கிடந்தது. சூடேறி ஆறி, சூடேறி ஆறி வருகிற நிறம் அது. ஷூ மாற்றவும் அவள் காசு சேர்த்துக்கொண்டிருந்தாளாம், “அடுத்த மாசம் மாத்தலாம்னு இருந்தேன்” என்றாள். வண்டியில் எதை அப்பா கட்டவேண்டும், எதைப் பிள்ளை கட்டவேண்டும் என்று நான் போட்ட பட்டியலில் பிரேக் ஷூ எந்தப் பக்கம் என்று நான் சொல்லவே இல்லை. பெட்ரோல் மாதிரி அதுவும் ஓடித் தேய்கிற செலவுதானே என்று அவளாகவே தன் பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறாள். டிரம்மைக் கடையில் கொடுத்துக் கடைந்து, புது ஷூ போட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நானே அவள் வண்டியைப் பங்க்குக்கு எடுத்துப்போய் அந்த வாரத்துக்கான ஆறு லிட்டரைப் போட்டுவிடுகிறேன். ஸ்டாண்டில் கிண்டல்தான். “கட்சி மாறிட்டீங்களாண்ணே?” என்கிறார்கள். முழுசாக மாறவில்லை. கோத்தகிரியில் சிநேகிதி வீடு, குன்னூர் சிம்ஸ் பார்க் என்று போவதெல்லாம் அவள் செலவு. அதற்கும் சாவியை அணைத்து வருவாளோ என்று இன்னும் ஒரு பயம் இருக்கிறது. வண்டி வந்து நின்றதும் பின் டிரம் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன். தொடவேண்டாம், கிட்டே போனாலே தெரிந்துவிடும். “என்னப்பா, காய்ச்சலா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போகிறாள்.

இதற்கிடையில் புதுசாக ஒரு வழக்கு. மழை நாட்களில் அவளாகவே பஸ்ஸில் போகிறாள். அன்றைக்கு டேங்கில் பெட்ரோல் அப்படியே இருக்கிறது. “பஸ்ல போற நாளு மிச்சம் யாருக்குப்பா?” என்று கேட்டாள். என்னிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மிச்சம் டிரைவருக்குத்தான் என்றேன். பஸ்ஸில் போகிற ஒவ்வொரு நாளுக்கும் ஐம்பது ரூபாய். இந்த மிச்சத்தில் பிரேக் தேயாது.

போன வாரம் நாலு நாள் பஸ்ஸில் போயிருக்கிறாள். இருநூறு ரூபாய் பாக்கி. கேரட் பணம் இன்னும் கைக்கு வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை தருகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.