கவிட்டஸா, அவரிஷஸா?

ஆங்கில-தமிழ் அகராதியில் கவிட்டஸ் (covetous), அவரிஷஸ் (avaricious) என்ற இந்த இரண்டு சொல்லுக்கும் ‘பேராசை கொண்ட’ என்றே போட்டிருக்கும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இடறுவது இங்கேதான்.

போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு மாந்தோப்பு என்று வையுங்கள். வரப்புக்கு அந்தப் பக்கத்துக்காரருக்கும் இரண்டு ஏக்கர் உண்டு, போர்தான் வற்றிவிட்டது. இந்தப் பக்கம் கொட்டுகிற தண்ணீரையும் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பெங்களூரா காயையும் தினம் நின்று பார்க்கிறார். ‘இது நம்முதா இருந்தா...’ அவர் கவிட்டஸ்.

அதே தோப்புக் காயை எடுக்கிற மண்டிக்காரர், பூ விடும்போதே முன்பணம் கொடுத்து மடக்கி, காய் இறங்கும்போது விலையை இறக்கி, எடையில் கழிவும் பிடிக்கிறார். தன் வீட்டில் பீஸ் போன பல்பை மாற்ற மட்டும் மனசு வராது. அவர் அவரிஷஸ். தோப்பு யாருடையதாக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். பணம் சேர வேண்டும், சேர்ந்தது வெளியே போகக் கூடாது.

வாக்கியத்தைப் பார்த்து ‘யாருடையது?’ என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் கவிட்டஸ். ‘எவ்வளவு?’ என்ற கேள்விதான் பொருந்துகிறது என்றால் அவரிஷஸ். நாலாவது மாம்பழம் கேட்டு அழுகிற குழந்தைக்கு இரண்டுமே ஆகாது. அது வெறும் கிரீடி (greedy).

கவிட்டஸைப் பொறாமையோடும் குழப்புவார்கள். ‘அவனுக்கு ஏன் கிடைத்தது’ என்று வயிறு எரிந்தால் பொறாமை, அதற்கு என்வியஸ் (envious). பொருள் தன் கைக்கு வர வேண்டும் என்பது கவிட்டஸ். வள்ளுவர் இவை இரண்டுக்கும் தனித்தனி அதிகாரமே வைத்தார்: 17 அழுக்காறாமை (பொறாமைப்படாமை), 18 வெஃகாமை (பிறர் பொருளுக்கு ஆசைப்படாமை). வெஃகுதல்தான் கவிட்டஸுக்கு நேர்ச்சொல். அது பேச்சிலிருந்து போய்விட்டதால் பாவம், எல்லாச் சுமையும் ‘பேராசை’ தலையில். அவரிஷஸுக்கு ‘பணப்பேய் பிடித்த’ என்றால் கிட்டத்தட்டச் சரி.

கவிட்டஸுக்குப் பின் ஆசைப்படும் பொருளைச் சொல்வதானால் ‘ஆஃப்’ (of) வரும். ‘ஃபார்’ (for) போட்டால் தப்பு. கவிட்டஸுக்கு ‘கவெட்’ (covet) என்று வினைச்சொல் உண்டு. அதிலிருந்து வரும் ‘கவெட்டட்’ (coveted) திட்டு இல்லை: எல்லோரும் ஏங்குகிற பரிசு, பதவியைச் சொல்ல நல்ல சொல். அவரிஷஸுக்கு வினைச்சொல்லும் இல்லை, நல்ல முகமும் இல்லை.

உச்சரிப்பில் கவிட்டஸுக்கு ‘க’வில் அழுத்தம், அவரிஷஸுக்கு ‘ரி’யில். எழுதும்போது கவிட்டஸில் ‘டி’க்கு அடுத்து நேரே ஓ-யூ-எஸ். இடையில் ஒரு ‘ஐ’ நுழைப்பவர்கள் உண்டு; அந்த ‘ஐ’ அவரிஷஸுக்குச் சொந்தம்.