கண்மாய்க்கரையில் வாங்கிய கையெழுத்து

சமூகப்பணி முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) முதல் வருஷம் வாரத்துக்கு இரண்டு நாள் ஃபீல்ட் ஒர்க். ஆரப்பாளையத்தில் காலை ஏழு மணி உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறினால் செக்கானூரணி வரை நின்றுகொண்டுதான் போக வேண்டும். பையை மட்டும் உட்கார்ந்திருக்கிற ஏதாவது ஒரு அக்கா மடியில் கொடுத்துவிடுவேன்.

அந்த செமஸ்டர் பேப்பரில் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் எழுதிய ‘பங்கேற்பு ஏணி’ வரும். முடிவெடுப்பதில் மக்களுக்கு எவ்வளவு பங்கு என்று காட்டுகிற ஏணி, மொத்தம் எட்டுப் படி. உச்சிப் படியில் மக்களே முடிவெடுப்பார்கள். அடியில் இருக்கிற இரண்டும் பங்கேற்பு மாதிரி தெரியும், ஆனால் இல்லை. ஸ்கேல் வைத்துப் படம் போட்டு பத்துக்கு எட்டு வாங்கினேன்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் கதையும் அந்த வகுப்பில்தான் கேட்டேன். ஊராட்சித் தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996-இலிருந்து பத்து வருஷம் இழுபறி. மனு போட ஆள் இருக்காது, இல்லையென்றால் ஜெயித்தவர் கையோடு ராஜினாமா செய்வார். 2006-இல்தான் முடிச்சு அவிழ்ந்தது. இதெல்லாம் நம் மாவட்டத்துக்குள்ளேயே நடந்திருக்கிறது, நான் பன்னிரண்டாவது வரை ஒரு வரி கேள்விப்பட்டதில்லை. அதற்கப்புறம் கிராம சபை என்றாலே எனக்கு ஒரு பயபக்தி.

அக்டோபர் 2 கிராம சபை. நான் போயிருந்த ஊராட்சிக்கு 100 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். எண்ணிப் பார்த்தேன், முப்பத்திரண்டு. அதில் ஆறு பேர் அதிகாரிகள். தீர்மானங்களை மளமளவென்று வாசித்து, டீயும் முறுக்கும் கொடுத்து முடித்துவிட்டார்கள்.

மறுநாள் கிளார்க் தீர்மான நோட்டையும் மைப்பெட்டியையும் என்னிடமே நீட்டினார். “கண்மாயில நூறு நாள் வேலை நடக்குது பாப்பா, பாக்கிக் கையெழுத்தை வாங்கிட்டு வந்துரு.” எல்லா ஊரிலும் இப்படித்தான் என்றார். நானும் போனேன். இதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

சேலைக்கு மேல் சட்டை போட்ட பெண்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் வந்து கையெழுத்துப் போட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு அப்பத்தா மட்டும் பெருவிரலில் மை தடவிக்கொண்டு நின்றது.

“என்ன எழுதியிருக்குன்னு வாசி தாயி.”

பதினாலு தீர்மானத்தையும் வாசித்தேன். விரலை நீட்டியபடியே கேட்டது.

“தெரு லைட்டு கேட்டமே, அது எத்தனாவது?”

மறுபடி புரட்டினேன். எதிலும் இல்லை.

“சரி விடு. ஒனக்காக வைக்கிறேன். படிக்கிற பிள்ள, வெயில்ல நிக்கிற.” ரேகை வைத்துவிட்டு விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்விட்டது.

ரெக்கார்டில் ‘பங்கேற்றோர்: 104’ என்று எழுதினேன். சூப்பர்வைசர் மேடம் பக்கத்தில் சிவப்பு மையில் ‘எந்தப் படி?’ என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார். அன்று ராத்திரி அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, கண்மாயில் நடந்ததை நடந்தபடி எழுதினேன்.

அடுத்து நான் போனது ஜனவரி 26 கூட்டத்துக்கு. முந்தின வாரமே அப்பத்தா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தது. முறுக்கு வந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. தெரு விளக்கு ஒன்பதாவது தீர்மானமாக நோட்டில் ஏறியதும், “இன்னொருக்கா வாசி” என்று கிளார்க்கையே வாசிக்க வைத்தது.

அடுத்த செமஸ்டர் ஃபீல்ட் ஒர்க்குக்கு எனக்கு ஆஸ்பத்திரி போட்டுவிட்டார்கள். லைட் எரிகிறதா என்று பார்க்க இன்னும் போகவில்லை.